சாக்லேட்டுக் கடைக்குத் தமிழ் போகலாகாதா?

சிங்கப்பூரில் தமிழாசிரியர்கள் கூடிய பயிலரங்கு ஒன்றில் கலந்துகொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. உயர்நிலைப்பள்ளி மாணவர்க்குரிய கட்டுரைத் தலைப்புகளைத் தொகுக்கும் அமர்வு அது. இளம் ஆசிரியை ஒருவர் எழுந்து, 'கைவினைச் சாக்லேட்டுக் கடையில் ஒரு மாலைப்பொழுது' என்னும் தலைப்பை முன்மொழிந்தார். தம் மாணவர்கள் விடுமுறை நாள்களில் அத்தகைய கடைகளுக்குச் செல்கிறார்கள் என்றும், சென்று வந்ததைப் பற்றி ஓயாமல் பேசுகிறார்கள் என்றும், ஆனால் அப்பேச்சு முழுவதும் ஆங்கிலத்திலேயே நிகழ்கிறது என்றும் அவர் காரணம் கூறினார். அங்கிருந்த மூத்தவர் ஒருவர் புன்முறுவலுடன் அத்தலைப்பை அடித்துவிட்டார். "அது தமிழுக்கு ஏற்ற பொருளன்று, அம்மா. தேக்காவைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். பொங்கலைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். சாக்லேட்டுக்குத் தமிழில் சொல் ஏது?" என்றார். அவையோர் சிரித்தனர். நானும் சிரித்தேன்.

அச்சிரிப்புக்குக் கழுவாயாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். அம்மூத்தவர் கூறியவற்றுள் இரண்டு கருத்துகள் அடங்கியுள்ளன. உலகப் பொருள்களுள் சில தமிழுக்கு உரியன, சில உரியன அல்ல என்பது ஒன்று. புதிய பொருள்களைப் பேசுவதற்குத் தமிழில் சொல் இல்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பிழை. பிழை மட்டுமன்று, நம் மாணவர்களைத் தமிழிலிருந்து விலக்கும் வேலையை, தமிழ்ப் பற்றின் பெயரால், நாமே செய்து முடிக்கும் வழியும் இவைதாம்.

முதலில் நிலைமையைக் கண் திறந்து நோக்குவோம். சிங்கப்பூர் மக்கள் தொகைக் கணக்கின்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் இந்தியர்கள் 2010ஆம் ஆண்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பேராக இருந்தனர். 2020ஆம் ஆண்டில் அவ்வெண் ஏறத்தாழ 27 ஆகக் குறைந்தது. அதே ஆண்டில் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் இந்தியர்கள் நூற்றுக்கு 59 பேர். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இருக்கும் நாடு இது. பள்ளியில் தமிழ் கற்பிக்கப்படுகிறது. 1935இல் தோன்றிய தமிழ் முரசு நாளிதழ் இன்றும் வெளிவருகிறது. ஆண்டுதோறும் ஏப்பிரல் திங்களில் தமிழ்மொழி விழா நடைபெறுகிறது. இத்தனை அரண்கள் இருந்தும் வீட்டில் மொழி தேய்கிறது. ஏன் தேய்கிறது என்று நாம் பிறரைக் கேட்கிறோம்; பெற்றோரைக் குறை கூறுகிறோம்; கைப்பேசியைக் குறை கூறுகிறோம். நம் வகுப்பறையை நாம் கேட்டதுண்டா?

வகுப்பறையில் நாம் என்ன செய்கிறோம்? கற்றல் பயணம் என்றால் சிராங்கூன் சாலை. கேம்பல் சந்தில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம், பூக்கடை, மளிகைக்கடை, வாழையிலைச் சாப்பாடு, கோவில். இவை வேண்டா என்று நான் கூறவில்லை. ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளையும் அங்கே நடந்து பழக வேண்டும். ஆனால் அப்பிள்ளை வாரத்தில் எத்தனை மணி நேரம் தேக்காவில் வாழ்கிறது? மற்ற நேரமெல்லாம் அடுக்குமாடி வீட்டிலும், பெருவிரைவு இரயிலிலும், நூலகத்திலும், கடைத்தொகுதியிலும், நண்பர்கள் கூடும் சிறு காப்பிக் கடையிலும் கழிகிறது. அவ்விடங்களுக்கு நாம் தமிழை அழைத்துச் செல்வதில்லை. தேக்காவின் எல்லையில் தமிழை நிறுத்திவிட்டு, 'நீ இங்கேயே இரு. நாங்கள் நகரத்திற்குப் போய் வருகிறோம்' என்று கூறிவிடுகிறோம். பிறகு, தமிழ் நகரத்தில் ஒலிக்கவில்லையே என்று மேடையில் வருந்துகிறோம்.

இனி, சாக்லேட்டுக் கடைக்கு வருவோம். 2010ஆம் ஆண்டுகள் தொடங்கி, கொக்கோ விதையை வாங்கித் தாமே வறுத்து அரைத்துச் சாக்லேட்டுச் செய்யும் சிறு பட்டறைகள் சிங்கப்பூரில் தோன்றலாயின. அவற்றுள் ஃபோசா என்னும் உள்ளூர் நிறுவனம், உப்பு முட்டையும் தானியமும் கலந்த சாக்லேட்டு, சீனரின் மாலாக் காரம் கலந்த சாக்லேட்டு எனப் பல செய்து வெளிநாடுகளிலும் பெயர் பெற்றது. இதில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. உப்பு முட்டையை மேனாட்டு இனிப்புக்குள் வைத்தபோது, 'இது நம் மரபுக்கு ஏற்ற பொருளா?' என்று கேட்டு அவர்கள் தயங்கி நிற்கவில்லை. தம் நாவுக்குத் தெரிந்ததைத் துணிந்து உள்ளே கொண்டுசென்றனர்.

அத்தகைய சிறு கடை ஒன்றுக்கு என் தங்கை மகளுடன் சென்றேன். அவள் சிங்கப்பூரில் உயர்நிலை மூன்றில் பயில்பவள். கடைக்காரர் சிறு தட்டில் நான்கு துண்டுகளை வைத்து, ஒவ்வொன்றும் எந்நாட்டு விதையால் ஆனது என்று ஆங்கிலத்தில் விளக்கினார். மெல்லாமல் நாவில் வைத்துக் கரையவிடுமாறு கூறினார். என் மருமகள் கண்ணை மூடிச் சுவைத்து, பழச்சாறு போன்ற புளிப்பு, மண்மணம், புகைமணம் என ஒவ்வொன்றின் இயல்பையும் ஆங்கிலத்தில் அடுக்கினாள். எனக்கு வியப்பாக இருந்தது. "இதையே தமிழில் சொல், பார்ப்போம்" என்றேன். சற்று நேரம் விழித்தாள். "நல்லா இருக்கு, மாமா" என்றாள். அவ்வளவுதான்.

பத்தாண்டுகள் தமிழ் பயின்ற பிள்ளை அவள். தேர்வில் நல்ல மதிப்பெண் பெறுபவள். வாயில் நான்கு வகைச் சுவை இருக்க, அவளிடம் இருந்த தமிழ் இரண்டே சொற்கள். அவள்மீது எனக்குச் சினம் எழவில்லை, என்மீதே எழுந்தது. உணவைப் பற்றிய கட்டுரை என்றால் நாவில் நீர் ஊறியது என்றும், தேனினும் இனித்தது என்றும் மனப்பாடத் தொடர்களை எழுதிப்போட்டு, அவற்றை ஒப்பிக்கும் மாணவர்க்கு மதிப்பெண் அள்ளிக் கொடுத்தவர்கள் நாம். எந்த உணவுக்கும் பொருந்தும் தொடர் எந்த உணவையும் விளக்குவதில்லை. நாம் சுவையைக் கற்பிக்கவில்லை. சுவையைப் பற்றிய மந்திரத்தைக் கற்பித்தோம்.

நான் விடவில்லை. மூன்றாம் துண்டைக் காட்டி, "இதை விழுங்கிய பிறகு வாய் எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். "நாக்கு ஒரு மாதிரி இழுக்குது, மாமா. பாட்டி கொடுப்பாங்களே நெல்லிக்காய், அந்த மாதிரி" என்றாள். "அதற்கு என்ன பெயர்?" அவள் முகம் மலர்ந்தது. "துவர்ப்பு!" என்றாள். அச்சொல் அவளிடம் இருந்தது. அறுசுவையின் பட்டியலில் அதை அவள் தொடக்கப்பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருந்தாள். ஆனால் அது பட்டியலிலிருந்து இறங்கி அவள் நாவுக்கு வந்தது அன்றுதான்.

தமிழில் சொல் ஏது என்று கேட்ட பெரியவருக்கு இதுவே என் முதல் விடை. மேனாட்டார் தம் பள்ளிகளில் நெடுங்காலமாகக் கற்பித்துவந்த அடிப்படைச் சுவைகள் நான்கு: இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு. துவர்ப்பு அப்பட்டியலில் இல்லை. நமக்கோ அது ஆறனுள் ஒன்று. நெல்லிக்காயும் வாழைப்பூவும் பாக்கும் உண்ணும் வீட்டில் அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கருஞ்சாக்லேட்டின் இயல்பைச் சொல்வதற்கு இன்றியமையாத சொல் அது. கொக்கோவுக்கு இயற்கையாக உள்ளவை கைப்பும் துவர்ப்பும். விதையைப் புளிக்க வைக்கும்போது உண்டாகும் அமிலத்தால் வருவது புளிப்பு. சேர்க்கும் சர்க்கரையால் வருவது இனிப்பு. மேலே சில உப்புக் கற்களும் சிறிது மிளகாய்த் தூளும் தூவிய துண்டு ஒன்றை வாயிலிட்டால் அறுசுவையும் நிறைந்துவிடும். அறுசுவையை விளக்க இதனினும் எளிய பாடப்பொருள் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் விடை இன்னும் வலியது. சுவைத்து முடித்தபின் கடையின் பின்புறம் எட்டிப் பார்த்தோம். கண்ணாடிக்கு அப்பால், வட்டமான எஃகுத் தொட்டி ஒன்றில் இரண்டு கருங்கல் உருளைகள் சுழன்றுகொண்டிருந்தன. பழுப்பு நிறக் குழம்பு அவற்றின் அடியில் அரைபட்டுக்கொண்டிருந்தது. "மாமா, இது நம்ம வீட்டு கிரைண்டர்தானே!" என்று என் மருமகள் கூவினாள். அவள் கூறியது வேடிக்கையன்று, வரலாறு.

தோசைமாவு அரைக்கும் மின் ஆட்டுக்கல்லைக் கோயம்புத்தூரில் 1955இல் உருவாக்கியவர் சபாபதி என்பவர். அந்நகரின் அரைவை இயந்திரத்திற்கு 2005-06இல் இந்திய அரசின் புவிசார் குறியீடும் கிடைத்தது. சாக்லேட்டு செய்வதோ அக்காலம்வரை பெருந்தொழிற்சாலைகளின் வேலையாகவே இருந்தது. 1879இல் சுவிட்சர்லாந்தின் ருடால்ஃப் லிண்ட் சாக்லேட்டை நெடுநேரம் பிசைந்து மென்மையாக்கும் பொறியைக் கண்டறிந்த நாள்முதல், நல்ல சாக்லேட்டு என்றால் பேரியந்திரமும் பெருமுதலும் வேண்டும் என்பதே நிலை. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜான் நான்சி என்பவர், வீட்டிலேயே விதையிலிருந்து சாக்லேட்டுச் செய்ய வழி தேடினார். பல கருவிகளை முயன்ற பிறகு அவருக்குப் பயன்பட்டது கோயம்புத்தூர் கிரைண்டர். ஓயாமல் பல மணி நேரம் சுழலும் வண்ணம் அது திருத்தப்பட்டது. அதன்பின் உலகின் பல நாடுகளில் சிறு பட்டறைகள் கிளைத்தன. இன்று கோயம்புத்தூரில் சாக்லேட்டுக்கென்றே கல் அரைவை இயந்திரங்கள் செய்யப்பட்டுப் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. நம் பாட்டியரின் ஆட்டுக்கல் இல்லையேல் கைவினைச் சாக்லேட்டு இயக்கம் இவ்வளவு விரைவாகப் பரவியிருக்க இயலாது.

இப்பொழுது சொல்லுங்கள்: எது தமிழுக்கு ஏற்ற பொருளன்று?

சாக்லேட்டு செய்யும் முறையைத் தமிழில் சொல்லிப் பார்ப்போம். கொக்கோக் காயை உடைத்தால் வெண்சதை சூழ்ந்த விதைகள் முப்பது, நாற்பது இருக்கும். அவற்றைச் சதையோடு குவித்து, வாழையிலையால் மூடி, 5 முதல் 7 நாள்வரை புளிக்க விடுவர். பின்பு வெயிலில் உலர்த்துவர், வறுப்பர், உடைத்துப் புடைத்துத் தோலை நீக்குவர், எஞ்சிய பருப்பைக் கல்லிலிட்டு ஆட்டுவர். விதையிலேயே பாதியளவு கொழுப்பு இருப்பதால், நீர் ஊற்றாமலே பருப்பு இளகிக் குழம்பாகும். சர்க்கரை சேர்த்து ஒரு நாளோ இரண்டு நாளோ அரைப்பர். துகளின் அளவு ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்கு ஆகும்போது நாவுக்கு நறநறப்புத் தெரியாது, வழுவழுப்பு வந்துவிடும். இறுதியாக அக்குழம்பை ஏறத்தாழ 45 பாகைக்குச் சூடாக்கி, 28 பாகைக்குக் குளிரவிட்டு, மீண்டும் 31 அல்லது 32 பாகைக்குக் கொணர்வர். அவ்வாறு பதம் செய்தால்தான் கொக்கோ வெண்ணெய் சீராக உறையும், வில்லை பளபளக்கும், ஒடித்தால் 'டக்' என்று முறியும், வாயின் சூட்டில் மட்டும் கரையும். பதம் தவறினால் மேலே வெண்பூச்சுப் படர்ந்து பொலபொலத்துப் போகும்.

புளிக்க வைத்தல், உலர்த்துதல், வறுத்தல், புடைத்தல், ஆட்டுதல், பதம் பார்த்தல். இவற்றுள் எச்சொல்லை நான் அகராதியிலிருந்து தோண்டியெடுத்தேன்? எல்லாம் நம் அடுக்களைச் சொற்கள். பாகின் பதத்தைக் கம்பிப் பதம் என்றும் உருட்டுப் பதம் என்றும் கைவிரலால் அளந்தவர்கள் நம் தாய்மார். பிறர் வெப்பமானி கொண்டு விளக்கும் நுட்பத்திற்கு நம்மிடம் ஒரே சொல்லாகப் 'பதம்' இருக்கிறது. நாம் பெயர்ச்சொல் ஒன்று இல்லையென்று வருந்தி, கையிலிருக்கும் வினைச்சொற்கள் அனைத்தையும் இழந்துகொண்டிருக்கிறோம்.

பெயர்ச்சொல்லைப் பற்றியும் ஒன்று கூறிவிடுகிறேன். சாக்லேட்டை 'இன்னட்டு' என்றும் 'காவிக்கண்டு' என்றும் ஆக்கிக்கொண்ட அன்பர்கள் உளர். அவர்களோடு எனக்கு வழக்கில்லை, வழங்கட்டும், வாழட்டும். ஆனால் சாக்லேட்டு என்பது ஆங்கிலச் சொல் என்று அஞ்ச வேண்டா. அது மெக்சிக்கோப் பழங்குடியினரின் நகுவா மொழியிலிருந்து ஸ்பானியம் வழியாக ஆங்கிலத்திற்குச் சென்ற கடன்சொல். ஆங்கிலம் கடன் வாங்கியதற்கு நாணவில்லை. திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் இடம் வகுத்த தொல்காப்பியத்தைப் பாடமாக நடத்தும் நாம், ஒரு பெயர்ச்சொல்லைக் கண்டு கதவடைப்பது முறையா?

'அயல்நாட்டுப் பொருள்' என்னும் மறுப்பும் நில்லாது. கொக்கோ அமெரிக்கக் கண்டத்துப் பயிர், உண்மைதான். மிளகாயும் அக்கண்டத்துப் பயிரே. உருளைக்கிழங்கு, தக்காளி, நிலக்கடலை, முந்திரி, பப்பாளி, கொய்யா ஆகிய அனைத்தும் அங்கிருந்து வந்தவை. மிளகாய்ச் சட்டினியைத் தமிழர் உணவாகக் கட்டுரையில் ஏற்கும் நாம், அதனோடு ஒரே மண்ணில் பிறந்த கொக்கோவை மட்டும் வாயிலில் நிறுத்துவானேன்? இன்று பொள்ளாச்சியைச் சூழ்ந்த ஆனைமலைப் பகுதியின் தென்னந்தோப்புகளில் கொக்கோ ஊடுபயிராக விளைகிறது. ஆரோவில் பகுதியில் 2014 முதல் மேசன் அண்ட் கோ என்னும் பட்டறை தென்னிந்திய விதைகளைக் கொண்டு சாக்லேட்டுச் செய்யத் தொடங்கியது. தமிழ் மண்ணில் விளைந்து, தமிழ்க் கல்லில் அரைபடும் பொருள் தமிழ் ஏட்டில் மட்டும் ஏறக்கூடாதா?

என் சொந்த அனுபவம் ஒன்றையும் இங்கே கூறுவது பொருந்தும். ஜோகூரில் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருக்கும் நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். 1980ஆம் ஆண்டுகளில் மலேசியத் தோட்டங்களில் கொக்கோ பெருமளவில் பயிரிடப்பட்டது. 1990இல் அந்நாட்டின் விளைச்சல் ஏறத்தாழ 2,47,000 டன். உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றாக அது விளங்கியது. பிறகு விலை வீழ்ச்சியாலும் காய்த் துளைப்பானாலும் செம்பனையின் ஏற்றத்தாலும் அப்பயிர் அழிந்து, 2020க்குப் பின் ஆயிரம் டன்னுக்கும் கீழே போயிற்று. என் தாயார் அந்நாளில் கொக்கோக் காய் உடைக்கும் வேலைக்குப் போனவர். நாங்கள் பள்ளி விட்டு வந்ததும் அவரிடம் ஓடி, விதையைச் சுற்றியிருக்கும் வெண்சதையைச் சப்பித் துப்புவோம்; புளிப்பும் இனிப்புமாக இருக்கும். சாக்லேட்டை நாங்கள் கண்டது தீபாவளிக்குத்தான். அக்காயிலிருந்துதான் இது வருகிறது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. தாய் உடைத்த காய்க்கும் பிள்ளை தின்ற இனிப்புக்கும் இடையே இருந்த வழி முழுவதும் பிற மொழிகளில் எழுதப்பட்டிருந்தது. என் தாயாருக்குத் தெரிந்த ஒரே மொழியில் அதைப் பற்றி ஒரு பக்கமேனும் பள்ளிப் புத்தகத்தில் இருந்திருந்தால், அவர் தம் உழைப்பின் போக்கை என் வாயிலாகவேனும் அறிந்திருப்பார்.

ஆகவே, 'இது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு. ஏழை மாணவர்க்கு என்ன தொடர்பு?' என்று கேட்போர்க்கு நான் கூறுவது: தொடர்பு உழைப்பின் வழியாக இருக்கிறது. உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளில் விளைகிறது. அவ்விரு நாடுகளின் கொக்கோத் தொழிலில் 15 இலட்சத்து 60 ஆயிரம் சிறுவர்கள் குழந்தைத் தொழிலாளராக உள்ளனர் என்று சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வு நிலையம் 2020இல் அறிவித்தது. மழையும் மர நோயும் அந்நாடுகளின் விளைச்சலைக் குலைத்ததால், 2024 மார்ச்சில் கொக்கோ விலை முதன்முறையாக டன் 10,000 அமெரிக்க டாலரைக் கடந்தது. விதை எங்கே விளைந்தது, உழவர்க்கு என்ன கிடைத்தது என்பதைச் சிட்டையில் எழுதிவைக்கும் சிறு கடைகள், மாணவர் இவ்வினாக்களைக் கேட்பதற்கு நல்ல வாயில்கள். பால்மரத் தோட்டத்தின் கண்ணீரை அறிந்த தமிழில் இவற்றைப் பேச முடியாது என்றால் வேறு எம்மொழியில் பேச முடியும்?

செலவைப் பற்றிய மறுப்பு நேர்மையானது. அதற்கு நேர்மையான விடை வேண்டும். கைவினைச் சாக்லேட்டு விலை மிகுந்ததுதான். ஆனால் வகுப்பு முழுவதற்கும் 50 கிராம் வில்லை ஒன்று போதும். முப்பது துண்டாக ஒடித்தால் ஒருவருக்கு ஒன்றரைக் கிராமுக்கு மேல் வரும்; நாவில் கரைத்துச் சுவை பார்க்க அது தாராளம். அதனோடு பெட்டிக்கடைச் சாக்லேட்டு ஒரு துண்டையும் வைத்து ஒப்பிடச் செய்யலாம். முன்னதாகப் பால், கொட்டைகள் ஒவ்வாத பிள்ளைகள் யார் என்று கேட்டறிய வேண்டும். மதுச் சேர்ந்தவற்றை விலக்கி, முஸ்லிம் மாணவர்க்கு உகந்ததா என்றும் உறுதி செய்துகொள்ள வேண்டும். இவ்வளவே ஆசிரியரின் கடமை.

தேர்வுக்கு நேரமில்லை என்பது கடைசி மறுப்பு. தேர்வில் வருணனை கேட்கிறார்கள். செயல்முறை விளக்கம் கேட்கிறார்கள். வாய்மொழித் தேர்வில் கருத்துரைக்கச் சொல்கிறார்கள். ஒரே பயணத்தில் மூன்றும் நிறைவேறும். சுவைத்ததை மனப்பாடத் தொடர் ஒன்றுமின்றிப் பத்து வரியில் வருணிக்கட்டும். சாக்லேட்டு செய்யும் முறையை வினைச்சொற்களால் விளக்கட்டும். கடைக்காரரிடம் ஆங்கிலத்தில் கேட்டறிந்ததை வீட்டில் பாட்டியிடம் தமிழில் சொல்லட்டும். பாட்டி அதைக் கேட்டு, 'அட, நாம மாவாட்டுற மாதிரிதானா?' என்று ஒரு வார்த்தை சொன்னால் அப்பாடம் வெற்றி பெற்றது என்று பொருள். புதிய பொருளைப் பேரன் சொல்லப் பாட்டி கேட்பதும், பழைய சொல்லைப் பாட்டி சொல்லப் பேரன் கேட்பதுமே வீட்டில் மொழி வாழும் முறை. நூற்றுக்கு 27 என்னும் எண் மேடைப் பேச்சால் உயராது. இத்தகைய பேச்சு வீடுதோறும் நிகழ்ந்தால் உயரக் கூடும்.

வேரைக் கற்பிக்காமல் கிளையைக் கற்பிப்பதா என்று அந்த மூத்தவர் கேட்கக்கூடும். அவர் கவலை எனக்குப் புரிகிறது. அவர் பற்றை நான் ஐயுறவில்லை. பொங்கலைப் பற்றி எழுதத் தெரியாத பிள்ளை சாக்லேட்டைப் பற்றி எழுதுவதில் எனக்கும் நிறைவில்லை. ஆனால் பொங்கலைப் பற்றி மட்டுமே எழுதத் தெரிந்த பிள்ளை ஆண்டில் ஒரு நாள் தமிழனாக இருக்கும். மற்ற 364 நாளும் தன் வாழ்வை ஆங்கிலத்திடம் ஒப்படைத்துவிடும். அந்நிலையைத் தமிழ் வளர்ச்சி என்று நாம் கணக்கில் எழுதலாகாது.

அன்று அடித்துவிட்ட தலைப்பை மீண்டும் பட்டியலில் சேர்க்குமாறு தமிழாசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். சாக்லேட்டுக் கடையோடு நிறுத்தவும் வேண்டா. மாணவர் கால் எங்கெல்லாம் செல்கிறதோ அங்கெல்லாம் ஒரு தலைப்பு எழுதுங்கள். அன்று எழுந்து நின்ற இளம் ஆசிரியைக்கு ஒரு சொல்: நீங்கள் கூறியது சரி. அவையில் அதை உடனே சொல்லாமல் சிரித்தவர்களுள் நானும் ஒருவன். என்னைப் பொறுத்தருள்க. அடுத்த முறை அத்தலைப்பை நீங்கள் முன்மொழியும்போது, வழிமொழிய நான் எழுந்து நிற்பேன்.